ஓசூர் வார்டில் என் ஓட்டு

1

நேற்று ஓசூரிலிருந்து வந்த போனுக்குப் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். "உட்காருங்க, தரை தேயுது" என்று மனைவி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் எழுதத்தான் தோன்றுகிறது. போனில் என்ன சொன்னார்கள் என்பதை ஆரம்பத்திலிருந்து வந்தால்தான் சொல்ல முடியும்.

ஆரம்பம் ஒரு ரோஜாப்பூ. நெதர்லாந்தில் ஐந்தோவன் என்கிற இந்த ஊருக்கு நான் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா என் கையில் பூவைத் திணித்துவிட்டுச் சிரித்தார். கூட வந்திருந்த என் மகள் நிலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா எது செய்தாலும் வெட்கம் வருகிற வயது.

அந்த அம்மா நகரசபைத் தேர்தலில் நிற்கிறவராம். இங்கே வேட்பாளர் என்றால் இவ்வளவுதான். மைக் கிடையாது, பட்டாசு கிடையாது, சால்வை கிடையாது. மழையில் நின்று பூவும் நோட்டீசும் கொடுப்பார்கள்.

நானோ ஓசூர்க்காரன். உத்தனப்பள்ளிப் பக்கம் எங்கள் நிலத்தில் விளைவதே ரோஜாதான். பூவை வாங்கினால் விரல் தானாக அதன் காம்புக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கும். "இதை வெட்டி நாலைந்து நாள் ஆகியிருக்குமே" என்று எனக்குத் தெரிந்த டச்சில் சொன்னேன். அவர் அதற்கும் சிரித்துவிட்டு, "உங்கள் தெருவில் என்ன குறை, சொல்லுங்கள்" என்றார்.

"ஒரு குறையும் கிடையாது. எனக்கு இங்கே ஓட்டும் கிடையாது. என்னிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட்."

"எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள்?"

சொன்னேன்.

"அப்படியானால் ஓட்டு உண்டு. முறையாக ஐந்து வருஷம் தங்கியிருந்தாலே நகரசபைக்கு ஓட்டுப் போடலாம். வீட்டுக்குக் கார்டு வந்திருக்குமே."

வந்திருக்கும். நகரசபையிலிருந்து வரும் கடிதங்களுக்கு எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். வரி என்று தெரிந்தால் பிரிப்போம். மற்றதெல்லாம் பழைய காகிதப் பெட்டிக்குப் போய்விடும். "அப்பா, அது ஓட்டு கார்டு. ஸ்கூல்ல காமிச்சாங்க. நீங்கதான் பெட்டியில போட்டீங்க" என்றாள் நிலா. போனால் போகட்டும் என்றேன். இந்த ஊர்க் கவலை நமக்கெதற்கு என்பது அன்றைக்கு என் கொள்கை.

2

அன்று மத்தியானமே என் தங்கை மஞ்சுளா கூப்பிட்டாள்.

"அண்ணா, கவுன்சிலருக்கு நிக்கலாம்னு இருக்கறன்."

மஞ்சுளா ஓசூரில் ஒரு மெஸ் நடத்துகிறாள். மாடியில் பன்னிரண்டு அறைகள். கம்பெனிகளில் வேலை பார்க்கிற பெண்கள் அறைக்கு மூன்று பேராகத் தங்கியிருக்கிறார்கள். ஊத்தங்கரை, திண்டுக்கல், திருநெல்வேலி என்று எல்லா ஊரும் அந்த மாடியில் உண்டு. அவளும் தெருவுக்கு ஏற்ற ஆள்தான். எதிர்வீட்டு அம்மாவிடம் "ஊட்டா ஆயித்தா" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்துக்கொண்டே, பால்காரரைத் தெலுங்கில் திட்டிக்கொண்டே, மோட்டாரை நிறுத்தச் சொல்லி மாடிக்குத் தமிழில் கத்துவாள். தேர்தல் தேதி அப்போது அறிவிக்கப்படவில்லை. வரும் என்ற பேச்சு மட்டும் இருந்தது.

"எந்தக் கட்சி?" என்றேன்.

"கட்சியெல்லாம் வேணாம். சுயேச்சை."

"நின்னு என்ன சொல்லப் போற?"

"சொல்றன், கேளு. குப்பை வண்டி காலையில எட்டு மணிக்கு வருது. எட்டு மணிக்கு நம்ம தெருவுல ஆரு இருக்கறாங்க? பாதி பேரு ஷிப்டுக்குப் போயிட்டாங்க. மீதி பேரு ஷிப்டு முடிச்சு வந்து தூங்கறாங்க. குப்பைய ஆரு கொண்டாந்து குடுக்கறது? அப்பறம் ஏரிக்கரையில கொட்டறாங்கன்னு இந்தப் பொண்ணுங்களத்தான் திட்டறாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டிய இன்னொருவாட்டி வுடுங்கன்னு கேக்கப் போறன். அவ்ளோதான்."

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஓசூரில் நாலு பேர் கூடினால் விமான நிலையம் வருமா, பெங்களூர் மெட்ரோ இங்கே வரைக்கும் நீளுமா என்றுதான் பேச்சு ஓடும். இவள் குப்பை வண்டியின் நேரத்தைப் பிடித்திருக்கிறாள். நான் மிஷின் டிசைன் செய்து பிழைக்கிறவன். ஒரு பாகம் தப்பான நேரத்தில் வந்து நின்றால் மொத்த லைனும் நாசமாகும் என்பது என் சோறு. என் தங்கைக்கு அது படிக்காமலே தெரிந்திருக்கிறது.

"இன்னும் சொல்லு."

"கம்பெனி பஸ் விடியக்கால அஞ்சேகாலுக்கு ரோட்டு முனைக்கு வருது. வூட்டுலருந்து அங்க போற வரைக்கும் எட்டுக் கம்பம் இருக்குது, ரெண்டுலதான் லைட் எரியுது. பொண்ணுங்க செல்போன் வெளிச்சத்துல போறாங்க. அப்பறம் பால்வாடி. ஷிப்டுக்குப் போற அம்மாக்காரி பத்து மணிக்கா குழந்தைய வுட முடியும்? தண்ணி எப்ப வருதுன்னு ஒட்டற நோட்டீச தெலுங்குலயும் கன்னடத்துலயும் ஒட்டணும். எதிர் வூட்டம்மா தெனமும் எங்கிட்ட வந்து படிச்சுக் காமிக்கச் சொல்லுது."

"ஜெயிச்சிடுவ" என்றேன். "ஆரு ஓட்டுப் போடுவாங்க?" என்று கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. நானும் அவளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே மாதிரி முட்டாள்கள்.

3

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கூட்டம் போட்டாள். வீடியோ காலில் டிவியில் என் முகத்தை வரவழைத்துப் பேசச் சொன்னாள். எனக்கு மேடை கிடைத்தால் விடுவேனா? ஐந்தோவனில் குப்பைக்கு ஒரு காலண்டரே உண்டு, எந்தக் கிழமை எந்தப் பெட்டி என்று போட்டிருக்கும் என்று ஆரம்பித்து இருபது நிமிஷம் முழங்கினேன். பெண்கள் பெஞ்சிலும் படியிலும் மாடிக் கைப்பிடியிலும் நின்றுகொண்டு கை தட்டினார்கள். பக்கத்து லைன் வீடுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

செவ்வாய்க்கிழமை மஞ்சுளா போன் செய்தாள். குரலில் காற்று இறங்கியிருந்தது.

"அண்ணா, வாக்காளர் பட்டியல வாங்கிப் பாத்தன். கூட்டத்துக்கு வந்தது நூத்தி முப்பது பேரு. அவங்கள்ல இந்த வார்டுல ஓட்டு இருக்கறது ஒம்போது பேருக்கு. அதுல ஒண்ணு நானு. ஒண்ணு நம்ம சமையக்காரம்மா."

ஓசூரை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எங்கள் ஊரில் வெளியூர்க்காரர்கள் வேலை பார்ப்பார்கள், கல்யாணம் செய்வார்கள், பிள்ளை பெறுவார்கள், பள்ளியில் சேர்ப்பார்கள். ஓட்டு மட்டும் சொந்த ஊரில் இருக்கும். ஓட்டுப்போடும் நாளுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. போய் ஓட்டுப் போட்டு, கோழி அடித்துச் சாப்பிட்டு, ஊறுகாய் பாட்டிலோடு திரும்பி வருவார்கள். பதினைந்து வருஷமானாலும் இதுதான். வார்டில் ஓட்டு இருக்கிற வீட்டுக்காரர்களுக்கோ ஷிப்டும் கிடையாது, ஐந்தேகால் மணி பஸ்ஸும் கிடையாது. ரோட்டு முனையில் லைட் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன?

இருட்டில் நடக்கிறவளுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருக்கிறவர் இருட்டில் நடப்பதில்லை. இதைக் கண்டுபிடிக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பட்டியல் தேவைப்பட்டது. வெட்கக்கேடு.

4

"ஓட்டை மாத்திடலாம்" என்றேன். குடியிருக்கும் இடம் மாறினால் கொடுப்பதற்கு எட்டாம் நம்பர் படிவம் இருக்கிறது. போனிலேயே நிரப்பலாம், விடுதியில் தங்கியிருப்பதற்கு மஞ்சுளா சான்று கொடுக்கலாம். மறு ஞாயிறு மறுபடியும் டிவியில் உட்கார்ந்து விளக்கினேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

கடைசியில் செல்வி எழுந்தாள். ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம். கம்பெனியில் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பாகங்களைப் பொருத்துகிற வேலை. ஆறு வருஷமாக மஞ்சுளாவின் மாடியில்தான் இருக்கிறாள். மற்ற பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் தலையை ஆட்டுவார்கள்.

"ஓட்ட மாத்திட்டா எங்கூர்ல என்ன பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுண்ணா. பஞ்சாயத்து எலக்சன்ல எங்க சித்தப்பா நிப்பாரு. ஒவ்வொரு வூட்டுலயும் எத்தன ஓட்டுன்னு எண்ணுவாங்க. நான் இல்லன்னா, அவ ஓசூர்க்காரி ஆயிட்டா, இனிமே வரமாட்டான்னு சொல்லிருவாங்க. எங்கப்பாவுக்கு அது பெரிய கஷ்டம்."

"ரேஷன் கார்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா. நிலத்துக்கும் இல்ல."

"அது எங்களுக்கும் தெரியும்ண்ணா. ஊர்ல பேரு இருக்கணும். அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க தூங்கறமோ, எங்க குப்பை கொட்டறமோ, அங்கதாம்மா ஓட்டு இருக்கணும்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

செல்வி நிதானமாகக் கேட்டாள். "உங்க ஓட்டு எங்கண்ணா இருக்குது?"

ஓசூரில் இருந்தது. அதே வார்டில், பட்டியலின் அதே பாகத்தில். பட்டியல் சரிபார்க்க ஆள் வரும்போதெல்லாம் எங்கள் அம்மா, "பையன் வேலைக்குப் போயிருக்கான், வந்துருவான்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அதில் பொய் என்று ஒன்றுமில்லை, பதினோரு வருஷமாக வேலைக்குத்தான் போயிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனிப் பதிவும் தனிப் படிவமும் உண்டு என்பது பிறகு தெரிந்தது. நான் இருந்ததோ தினமும் அங்கேயே சோறு தின்கிறவனைப் போலச் சாதாரணப் பட்டியலில். தங்கைக்கு ஓட்டுப் போட லீவு எடுத்து வருவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"ஓசூர்ல" என்றேன்.

"பதினோரு வருசமா ஓசூர்லதான் தூங்கறீங்களாண்ணா?" என்று படியில் இருந்து ஒரு குரல். மெஸ்ஸே சிரித்தது. மஞ்சுளாவும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நெட் சரியில்லை என்று சொல்லி மடிக்கணினியை மூடிவிட்டேன்.

"அந்தப் பொண்ணு கேட்டதுல என்ன தப்பு?" என்றாள் என் மனைவி. தப்பில்லை. அதனால்தானே கோபம்.

5

அந்த வாரம் நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை. புதன்கிழமை நிலா பள்ளியிலிருந்து நனைந்து வந்தாள், முழங்கை சிராய்த்திருந்தது. பள்ளிக்குப் போகும் வழியில் ரயில் பாதைக்கு அடியில் சைக்கிள்களுக்கென்று ஒரு சுரங்கப்பாதை உண்டு. குளிர்காலம் முழுக்க அங்கே இரண்டு விளக்குகள் எரியவில்லையாம். எதிரே வந்த சைக்கிளை அவள் பார்க்கவில்லை.

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"மூணு தடவ சொன்னேன்ப்பா. நீங்க அத்தைகிட்ட லைட் பத்தி போன்ல பேசிட்டிருந்தீங்க."

எனக்கு அப்படியே தலையில் தட்டியதுபோல இருந்தது. ஓசூர் ரோட்டு முனையில் எத்தனை கம்பம், எத்தனை எரிகிறது என்று எனக்கு மனப்பாடம். என் பெண் தினமும் போகிற வழியில் எத்தனை என்று தெரியாது. தெருவில் என்ன குறை என்று அந்த அம்மா பூவோடு நின்று கேட்டபோது, ஒரு குறையும் கிடையாது என்று சொன்னவன் நான்தான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். மாற்று ஓட்டு கார்டு வாங்கப் போனவனிடம் கவுண்டரில் இருந்த பெண், பழைய கார்டு என்ன ஆனது என்று கேட்டார். தொலைந்தது என்பதற்கு டச்சில் என்ன என்று அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. தெரிந்த வார்த்தையில், "குப்பையில் போட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு நிமிஷத்தில் புதிய கார்டை அச்சடித்துக் கொடுத்தார்.

தேர்தலன்று நிலாவையும் அழைத்துப் போனேன். ஓட்டுச் சீட்டு என்றால் மேஜை விரிப்பு அளவுக்கு ஒரு தாள், நூற்றுக்கணக்கான பெயர்கள். சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டத்தை நிரப்பவேண்டும். நாற்பத்து மூன்று வயதில், கோட்டுக்கு வெளியே போகாமல் குழந்தைபோல நிரப்பினேன். வெளியே வந்ததும் அந்தப் பூக்கார வேட்பாளரைத் தேடிப் பிடித்துச் சுரங்கப்பாதை விளக்குகளைப் பற்றிச் சொன்னேன். நான் தடுமாறிய இடங்களில் நிலா எடுத்துக்கொடுத்தாள். என் மகள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு பேரும் சைக்கிளில் வீடு வரும் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அன்று சாயங்காலம் ஓசூர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கக் கோரி விண்ணப்பம் போட்டேன். மஞ்சுளாவுக்குச் சொன்னதும் குதித்தாள்.

"உனக்கு அறிவு இருக்காண்ணா? நான் ஒவ்வொரு ஓட்டுக்கும் படியேறி எறங்கறன். கூடப் பொறந்தவன் இருக்கற ஒண்ணையும் புடுங்கிட்டான்."

"செல்விகிட்ட போனைக் குடு" என்றேன்.

விண்ணப்பத்தின் ரசீதைச் செல்விக்கு அனுப்பினேன். அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கேட்டாள், "நெஜமாவே எடுத்துட்டீங்களாண்ணா? மனசுக்கு ஒரு மாதிரி இல்ல?"

"இருக்குதும்மா. ரொம்ப இருக்குது."

அவள் அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி அப்பாவிடம் நேரிலேயே சொல்லப் போனாள். அவர் ஒரு வேளை சாப்பிடவில்லையாம். இரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "எங்கன்னாலும் மறக்காம போடு" என்று சொல்லி ஏற்றிவிட்டாராம்.

6

செல்வி மாற்றியதும் மற்றவர்கள் மாற்றினார்கள். எல்லோரும் இல்லை, மாடியிலும் பக்கத்து லைன் வீடுகளிலுமாக நாற்பத்தொரு பேர். அதுவும் லேசில் நடக்கவில்லை. சரிபார்க்க அலுவலர் காலை பத்து மணிக்கு வந்தார். மாடியில் ஈ காக்கை இல்லை. இங்கே யாரும் குடியில்லை என்று எழுதிக்கொண்டு கிளம்பியவரை மஞ்சுளா கேட்டில் மறித்து உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

"சார், குப்பை வண்டியும் இவங்க இல்லாத நேரத்துக்குத்தான் வருது. நீங்களும் அப்பத்தான் வரீங்க. ஞாயித்துக்கெழம ஒருவாட்டி வந்து பாருங்க, உங்களுக்கு நிக்க எடம் இருக்காது."

அவர் நல்ல மனிதர், ஞாயிறு வந்தார். பெண்கள் மாடியிலிருந்து வாசல் வரை வரிசையில் நின்றார்கள். ஷிப்டில் மாட்டியிருந்த ஆறு பேர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஓடிவந்தார்கள்.

சில மாசங்கள் கழித்துப் புதுப் பட்டியல் வந்தபோது மஞ்சுளா இரண்டு படம் அனுப்பினாள். ஒன்றில் ஒரே கதவு எண்ணுக்கு அடியில் புதுப் பெயர்களாக இறங்கிக்கொண்டே போயின. இன்னொன்றில் என் கட்டம். முனிராஜ், தகப்பன் பெயர், வயது, எல்லாவற்றின் மேலும் நீக்கப்பட்டது என்று சாய்வாக அச்சடித்திருந்தார்கள். நான்தான் கேட்டு வாங்கியது. ஆனாலும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பிறகு தேர்தல் வந்தது. மஞ்சுளாவுக்கு ஸ்டூல் சின்னம். கன்னடத்தில் ஒரு நோட்டீஸ், தெலுங்கில் ஒரு நோட்டீஸ், தமிழில் ஒன்று. எதிர்வீட்டு அம்மா ஸ்டூலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்ததாகக் கேள்வி. ஓட்டுப்போடும் நாளன்று பஸ் ஸ்டாண்டு வழக்கம்போல நெரிந்தது. அந்த நாற்பத்தொரு பேர் மட்டும் பஸ் ஏறவில்லை. காலை ஏழு மணிக்கு வார்டுப் பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றார்கள்.

நேற்று எண்ணினார்கள். நான் ஆபீசில் மீட்டிங்கைப் பாதியில் விட்டு வெளியே வந்து போனை எடுத்தேன். பேசியது மஞ்சுளா இல்லை, செல்வி.

"பதினேழு ஓட்டுல ஜெயிச்சிட்டம்ண்ணா."

"மஞ்சுளா எங்க?" என்று கேட்டேன்.

"அக்காவ ஆரும் வுடமாட்டேங்கறாங்க. மால போடறாங்க. நாங்க இங்க மனு எழுதிட்டு இருக்கறம்."

"ஆருக்கு மனு?"

"அக்காவுக்குத்தான். குப்பை வண்டி, லைட்டு, பால்வாடி. நாளைக்கு மொத மனு எங்களுதா இருக்கணும். நாப்பத்தொரு கையெழுத்து."

நான் சிரித்தேன். ஆபீஸ் வராண்டாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வைக்கப் போகும்போது செல்வி சொன்னாள்.

"லீவுக்கு எப்பண்ணா வரீங்க? எங்க ஊருக்கு வாங்க, எல்லாத்தையும் சுத்திக் காட்டறன்."

"கண்டிப்பா வரேம்மா. ஊத்தங்கரையில எந்தப் பக்கம்?"

"ஊத்தங்கரை இல்லண்ணா" என்றாள் செல்வி. "ஓசூருக்கு."